அக்காவுக்கென்று தனியாகக் கலந்தது

1

நான் சிமெண்ட்காரி. ராயப்பேட்டையில் யாராவது "ஜெர்மனில இன்னாம்மா வேலை?" என்று கேட்டால் அப்படித்தான் சொல்வேன். ஆராய்ச்சியாளர் என்று சொன்னால் வெள்ளை எலியையும் ஊசியையும் நினைத்துக்கொள்கிறார்கள். சிமெண்ட் என்றால் சட்டென்று புரிந்துவிடும். மூட்டை மலிவாகக் கிடைக்குமா என்று கேட்பார்கள், அதோடு விட்டுவிடுவார்கள்.

என்னுடையது கரி குறைந்த சிமெண்ட். சாதாரண சிமெண்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைப் பயங்கரமான சூட்டில் சுட்டாக வேண்டும். உலைப் புகை ஒரு பக்கம் இருக்கட்டும். சுடச்சுட அந்தக் கல்லே தனக்குள் அடைத்து வைத்திருக்கும் கரியமில வாயுவை வெளியே விட்டுவிடுகிறது. எந்த எரிபொருளைப் போட்டாலும் அது நிற்காது. அதனால் நாங்கள் சுட்ட கல்லில் ஏறக்குறையப் பாதியைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் மிதமான சூட்டில் வறுத்த களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல் பொடியையும் சேர்க்கிறோம். உலகமே வீடு கட்டிக்கொண்டிருக்கிறது, யாரிடம் போய்க் கட்டாதே என்று சொல்வது? புகை குறைவாகக் கட்டுங்கள் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம் முடிந்துவிட்டது. காலையில் டிராம், அப்புறம் ஆய்வுக்கூடம், மாலையில் திரும்பவும் டிராம். எங்கள் சிமெண்ட் போக, கட்டடக்காரர்கள் அனுப்பும் மற்ற கான்கிரீட் கட்டிகளையும் அங்கே சோதித்துக் கையெழுத்துப் போடுவேன். கணவருக்கு வேறு நகரத்தில் வேலை, வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வருவார். மகள் இனியாவுக்குப் பதிமூன்று வயது. அவள் ஜெர்மனில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். இருவருக்கும் மற்றவர் மொழி புரியும், ஆனால் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. பள்ளியில் அவள் வகுப்புக்கு முன்னால் நின்று, என் அம்மா பூமியைக் காப்பாற்றுகிறார் என்று பேசிவிட்டு வந்தாளாம். எனக்குப் பெருமையாக இருக்கவில்லை. காப்பாற்றுவது இருக்கட்டும், அதுவரை எங்கள் சிமெண்ட்டில் ஒரு வீடுகூட எழும்பியிருக்கவில்லை.

2

அந்த முதல் வீடு கிடைக்காமல்தான் நாங்கள் அல்லாடினோம். கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன அரைவை ஆலை எங்களுக்காகச் சில மூட்டைகள் செய்து வைத்திருந்தது. வாங்கத்தான் ஆளில்லை. எங்கள் சிமெண்ட் லேசாகச் சிவந்திருக்கும், வறுத்த களிமண்ணின் நிறம் அது. நம் ஊரில் சிமெண்ட் மூட்டையைப் பிரித்ததும் உள்ளே கைவிட்டு, விரலில் தேய்த்து, நிறம் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் செங்கல் தூள் கலந்துவிட்டான் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆலைக்காரர் மூன்று கட்டடக்காரர்களிடம் காட்டினார். மூவரும் கையை உதறிவிட்டுப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் எங்கள் ஆய்வுக்குழுக் கூட்டம் ஒன்றில் என் வாய் சும்மா இருக்காமல், "என் தங்கை சென்னையில் வீடு கட்டுகிறாள்" என்று சொல்லிவிட்டது.

கலாவிடம் நான் கேட்கவே இல்லை. அதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ராயப்பேட்டைச் சந்தில் அப்பா விட்டுப்போன ஷீட்டு வீட்டை இடித்துவிட்டு, முதல் தடவையாகக் கான்கிரீட் கூரை போடப் போகிறாள். புருஷன் ஆட்டோ ஓட்டுகிறார், இரண்டு பெண் குழந்தைகள். வேலை முடியும்வரை பட்டினப்பாக்கத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அந்தக் கூரையை நான் கூட்டத்தில் தாரைவார்த்துவிட்டு, அதன் பிறகுதான் அவளிடம் போனில் சொன்னேன்.

அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "நீ செஞ்சதா? அப்போ போடு. வேற எவனோ செஞ்சத வாங்கறதுக்கு நீ செஞ்சது மேலு" என்றாள்.

இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம் அவள். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

3

தளம் போடும் நாள் ஒரு திருவிழா என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியும் முன்பே கலவை மெஷின் சந்துக்குள் வந்துவிடும், மேஸ்திரி எலுமிச்சம்பழம் நசுக்கிச் சூடம் காட்டுவார், மதியம் வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் பிரியாணி போட்டாக வேண்டும். பிரியாணி மட்டமாக இருந்தால் தளத்தில் ஓதம் இறங்கும் என்று ஆட்கள் கிண்டல் செய்வார்கள். கலா ஒரு அண்டா பிரியாணிக்குச் சொல்லியிருந்தாள்.

நான் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின வாரமே எல்லாம் சொல்லியாகிவிட்டது. எங்கள் கலவை கொஞ்சம் பிசுபிசுவென்று ஒட்டும். அதற்காகத் தண்ணீர் விடக் கூடாது. ஆலை கொடுத்த கெமிக்கலைத்தான் அளந்து ஊற்ற வேண்டும். தண்ணீர் கூடினால் வலு குறையும். ஏகாம்பரம் மேஸ்திரி எங்கள் பேட்டையில் பாதி வீடுகளைக் கட்டியவர். "தெரியும்மா, தெரியும்மா" என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தெரியும் என்று இரண்டு தடவை சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

இன்னொன்றும் கேட்டிருந்தேன். ஆலையிலிருந்து ஆறு இரும்பு அச்சுகள் வரும். தளத்துக்குப் போகும் அதே கலவையில் அள்ளி அவற்றில் நிரப்ப வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றி, கெட்டியான கட்டிகளைத் தண்ணீரில் ஊற வைத்து, அப்புறம் ஆலையின் சோதனைக் கூடத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். எவ்வளவு அழுத்தம் தாங்குகிறதோ அதை வைத்துத்தான் மேலே உள்ள தளம் தாங்குமா என்று சொல்ல முடியும். தளத்தை நசுக்கிப் பார்க்க முடியாது அல்லவா.

"அந்த டப்பா வேலய நான் பாத்துக்கறேன்கா. நீ கவலப்படாத" என்றாள் கலா.

வீடியோவின் ஓரத்தில் ஒருவர் குவளையோடு போவது தெரிந்தது. கை கழுவப் போகிறாரா, கலவையில் ஊற்றப் போகிறாரா? அந்த வீடியோவை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் குவளை படத்தைவிட்டு வெளியே போய்விடும்.

4

முதல் மூன்று கட்டிகளை ஏழாம் நாள் நசுக்கினார்கள். எண்கள் மின்னஞ்சலில் வந்தன. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாங்களே கலந்தபோதுகூட அவ்வளவு வரவில்லை. எங்கள் ஆய்வுக்குழுத் தலைவிக்கு உடனே அனுப்பினேன். அவர் அதை மேலே அனுப்பினார், அடுத்த நிதி விண்ணப்பத்திலும் சேர்த்துவிட்டார். தளம் இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கும் முட்டுகள் மேஸ்திரிக்கு வேறொரு வீட்டுக்கு வேண்டியிருந்தன. இவ்வளவு வலு இருக்கும்போது வழக்கத்துக்கு முன்னாலேயே முட்டு எடுக்கலாமா என்று கேட்டார். எண்களைத் திரும்பப் பார்த்துவிட்டு, எடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். இரண்டாவது வெள்ளிக்கிழமை மதியம் எடுப்பதாக ஏற்பாடு.

அதே வெள்ளிக்கிழமை காலையில் எனக்கும் இனியாவுக்கும் குடியுரிமை அலுவலகத்தில் முறை. எத்தனையோ மாதம் காத்திருந்து கிடைத்த நேரம். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் மொழிபெயர்க்கத் தகுதியானவர்தான் என்பதற்கான சான்றிதழ் என்று ஒரு கோப்பே சேர்ந்திருந்தது. ஒரு சீட்டில் எண் கொடுத்து உட்கார வைத்தார்கள். சுவரில் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. எங்களுக்கு முன்னால் நான்கு பேர்.

கலாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன்.

"அக்கா, பாஸாயிட்டியாமே. ஆலைக்கார தம்பி சொன்னாரு. எனக்கு அன்னிக்கே தெரியும்கா. மேஸ்திரி கைல முன்னாடியே சொல்லி வெச்சிட்டேன், எங்கக்கா டப்பாவுக்கு மட்டும் தனியா கலந்துடு, தண்ணி கம்மியா, சிமெண்டு ரெண்டு கை தூக்கலா, நல்லா குத்திக் குத்திப் போடுன்னு. வெளிநாட்டுக்காரன் பாக்கப்போற ஐட்டமாச்சே. மேல போடறத யாரு பாக்கப் போறா? மேஸ்திரி பொறுமையா அவரு கையாலயே கலந்தாருக்கா. இன்னிக்கு முட்டு எடுக்கறாங்க. சாய்ங்காலம் போன் பண்றேன்."

விருந்தாளி வந்தால் தனித் தட்டு, நல்ல டம்ளர், குழந்தைகளுக்குக் கொடுக்காமல் எடுத்துவைத்த முறுக்கு. நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். அவள் எனக்கு விருந்து வைத்திருக்கிறாள். அந்த விருந்துச் சாப்பாட்டை ருசி பார்த்துவிட்டு, வீட்டில் எல்லாரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு மனதில் வந்தது கலாவின் கூரை இல்லை. தலைவிக்கு அனுப்பிய மின்னஞ்சல்தான் வந்தது. விண்ணப்பம் என்ன ஆகும், என் பெயர் என்ன ஆகும் என்று ஓடியது. ஒரு நிமிடமோ அரை நிமிடமோ இருக்கும். அதன் பிறகுதான் இன்று முட்டு எடுக்கிறார்கள் என்பது உறைத்தது. அந்த அரை நிமிடத்துக்காக இன்றுவரை எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உள்ளே போன் பேசக் கூடாது. எழுந்து வாசலுக்கு ஓடினேன். பின்னாலேயே இனியா வந்து கையைப் பிடித்தாள். "அம்மா, இன்னும் ரெண்டு பேர்தான்" என்றாள் ஜெர்மனில். கலா எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. அங்கே பன்னிரண்டு மணி, மீன் வாங்கப் போயிருப்பாள். மேஸ்திரியை அழைத்தேன். நான்காவது தடவை எடுத்தார்.

"மேஸ்திரி, முட்டு எதையும் எடுக்காதீங்க."

"இன்னாம்மா, நீதான எடுக்கலாம்னு சொன்ன? ஆளுங்க மதியம் வேற எடத்துக்குப் போவணும்னு சீக்கிரமே வந்துட்டாங்க. ரெண்டு கழட்டியாச்சு."

"அந்த ரெண்டையும் இப்பவே திருப்பி வெச்சிடுங்க. வெச்சிட்டு எல்லாரும் வெளிய வந்துடுங்க."

"ஏம்மா, சரக்கு சரியில்லயா?"

"சரக்கு நல்ல சரக்குதான். மேல போட்டது எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியல."

"உன் டப்பால தெரிஞ்சிதுன்னியே."

"டப்பாவுக்குத் தனியா கலந்தீங்களாமே."

"ஆமா. கலா பாப்பா சொல்லிச்சு. பரிட்சைக்குப் போற புள்ளைக்கு நல்லதா குடுக்கறதில்லயா?" என்றார். அவர் குரலில் குற்றம் எதுவும் இல்லை.

"மேல போட்ட கலவைல தண்ணி சேத்தீங்களா?"

"அது கரண்டியிலயே ஒட்டிக்கினு பேஜாரு பண்ணிச்சும்மா. கொஞ்சம் விட்டோம்."

"எவ்ளோ?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான்."

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைத் துளித்துளியாக அளப்போம். 'கொஞ்சம்' என்பதை எந்தத் தராசில் வைப்பது?

முட்டுகளைத் திரும்ப வைத்துவிட்டதாகச் சொல்லும்வரை வாசலிலேயே நின்றேன். உள்ளே போனபோது எங்கள் எண் போய்விட்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் அவசரத்தில் 'நீங்கள்' வராமல் 'நீ' என்று பேசிவிட்டேன். பதினோரு வருடத்துக்குப் பிறகும் பதற்றத்தில் அந்த மரியாதைச் சொல்தான் முதலில் காணாமல் போகிறது. அவர் முகம் இறுகிவிட்டது. புதிதாக விண்ணப்பித்து நேரம் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்.

டிராமில் இனியா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். இறங்கும் முன் கேட்டாள்: "நீ கண்டுபிடிச்ச சிமெண்ட்டை நீயே நம்ப மாட்டியா?"

கதவு திறந்தது. சான்றிதழ்க் கட்டை அணைத்துக்கொண்டு இறங்கினேன்.

5

தளத்தின் வலுவை அறிய ஒரே வழிதான் பாக்கி இருந்தது. தளத்திலிருந்தே துளைபோட்டு உருளையாக வெட்டி எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். மூன்று இடத்தில். அதைக் கலாவிடம் சொன்னேன்.

"இன்னும் தலைவாசல்ல மாவிலகூட கட்டல. அதுக்குள்ள புது வூட்டு தலைல ஓட்ட போடுவியா?" என்றாள். போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் எடுக்கவில்லை. தன்னால்தான் கெட்டது என்று அழுகிறாள் என அவள் புருஷன் சொன்னார். தப்பு அவளுடையது இல்லை, 'அதே கலவையில்' என்று சொன்ன நான் ஏன் என்று சொல்லவில்லையே என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன். பாசத்தோடு செய்கிறவர்களிடம் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். எனக்கு அது தெரியாமல் போயிற்று.

மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். "போட்டுக்கோ. ஆனா அடுப்பங்கர பக்கம் வேணாம்."

கிண்டியிலிருந்து இரண்டு பேர் மெஷினோடு போனார்கள். துளைபோடும் சத்தத்தை அவள் போனில் எனக்குக் கேட்க வைத்தாள். பல் பிடுங்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது எனக்கு.

முடிவு வர நாளாயிற்று. டப்பாவில் வந்ததைவிட நிறையக் குறைவு. சின்ன அறைகள், மேலே இன்னொரு மாடி இல்லை. ஆலையின் பொறியாளரும் நானும் தனித்தனியாகக் கணக்குப் போட்டோம். முட்டுகளைச் சீக்கிரம் எடுக்காமல், தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, முழுசாக ஒரு மாதம் விட்டால் வீட்டுக்குப் போதும். எங்கள் அறிக்கைக்குப் போதாது. அன்று மதியமே எல்லாவற்றையும் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் நாங்கள் இருவருமே கணக்குப் போடவில்லை.

தலைவியிடம் முந்தைய எண்களைத் திரும்பப் பெறச் சொன்னேன். அவர், களப் பணியாளர்களின் தவறு என்று ஒரு வரி எழுதலாமா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த ஊரில் நான் கோபப்படுவது அபூர்வம், ஏனென்றால் கோபப்பட்டால் இலக்கணம் போய்விடும். போனால் போகட்டும் என்று பேசினேன். ராயப்பேட்டைச் சந்தில் வெயிலில் நின்றுகொண்டு கலக்குகிறவர், கரண்டியில் ஒட்டினால் தண்ணீர்தான் விடுவார். நாளைக்கு இந்தச் சிமெண்ட் ஆயிரம் சந்துக்குப் போனால் ஆயிரம் பேரும் அதைத்தான் செய்வார்கள். அது அவர் தப்பென்று எழுதாதீர்கள், எங்கள் சிமெண்ட் ஒட்டுகிறது என்று எழுதுங்கள். கடைசியில் அப்படித்தான் எழுதினோம். இப்போது ஒட்டாமல் செய்யத்தான் திரும்ப ஆரம்பித்திருக்கிறோம்.

முடிவைக் கேட்டபோது கலா பெருமூச்சு விட்டாள். அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏன்கா, நான் வாய் தவறி சொன்னதாலதான உனக்குத் தெரிஞ்சுது. சொல்லாதவங்க எத்தினி பேரு இருப்பாங்க? அந்த டப்பாவ அல்லாம் பாத்துட்டுதான நீ கையெழுத்துப் போட்டுக்கினு கீற?"

அவளைச் சமாதானப்படுத்த ஏதோ சொன்னேன். என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடியவில்லை. பதினோரு வருடமாக யார் யாரோ அனுப்பிய கட்டிகளைப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறேன். அவற்றின் மேலே இருக்கும் கூரைகள் எதையும் நான் பார்த்ததில்லை.

6

முட்டு எடுக்கும் நாளுக்கு நானே போனேன். இனியாவையும் அழைத்துப் போனேன். பேச்சு குறைந்திருந்தாலும் வருகிறேன் என்றாள்.

மேஸ்திரி நடுவிலிருந்து ஆரம்பித்துச் சுவர்ப்பக்கமாக ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினார். ஒவ்வொரு முட்டு விழும்போதும் நான் தளத்தை அண்ணாந்து பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். கலா குழந்தைகளைச் சந்தில் நிறுத்திவைத்திருந்தாள். கடைசி முட்டும் போன பிறகு எல்லாரும் சும்மா நின்றோம். ஒன்றும் ஆகவில்லை. பலகைகளை உரித்ததும் அடிப்பக்கம் லேசான சிவப்பில் தெரிந்தது. மூன்று இடத்தில் துளையை அடைத்த வட்டங்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தன.

"சும்மா கும்முனு கீது" என்றார் மேஸ்திரி. எனக்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

சந்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். கலா பிரியாணி செய்திருந்தாள். சாப்பிட்டதும் பூசாத சுவருக்குள் போய், நடு அறையில், தளத்துக்குச் சரியாக நடுவில் ஒரு பாயை விரித்தாள். வெளியே அந்த வெயில். உள்ளே ஈரச் சிமெண்ட்டின் குளுமை.

"வா, படு. பிளேன்ல தூங்கியிருக்க மாட்ட" என்றாள்.

அவள் பக்கத்தில் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் இனியாவும் வந்து என் மறுபக்கம் படுத்துக்கொண்டாள். கூப்பிடவே இல்லை நான். அவள் மூச்சு சீக்கிரமே சீராகிவிட்டது. மேலே பலகைக்குப் பலகை பதிந்த கோடுகள். எங்காவது கோட்டை மீறி மெல்லிய விரிசல் ஓடுகிறதா என்று மூலையிலிருந்து மூலைக்குத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் என் ஆட்கள், மேலே நான் செய்தது. இதுவரை இப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை.

கலா கண்ணைத் திறக்காமலேயே என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"கண்ண மூடுக்கா. நீ மேலயே பாத்துக்கினு இருந்தா எனக்கு எப்பிடித் தூக்கம் வரும்?"

மூடிக்கொண்டேன். அவள் தூங்கும்வரை திறக்கவில்லை.